கயிற்றோடு போன மணல்

கல்யாண ஊர்வலம் என்றால் முன்பெல்லாம் பெட்ரோமாக்ஸ் விளக்கு இல்லாமல் நடக்காது. விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் இரு வரிசையாக நடப்பார்கள். 'உஸ்' என்ற ஓசையோடு அது எரியும்போது நிலவையே வீதிக்கு இறக்கிவிட்டாற் போலிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் மட்டும் காரணமல்ல. கண்ணாடிக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்த 'மேண்டில்' என்ற சிறிய வலைப் பைதான் முக்கிய காரணம். முதல் தடவை கொளுத்தியதுமே அதன் நூலெல்லாம் எரிந்து போய்விடும். எஞ்சி நிற்பது, விரல் பட்டால் உதிர்ந்துவிடும் ஒரு சாம்பல் கூடு. அந்தச் சாம்பல்தான் சூடேறி வெண்மையாக ஜொலித்தது.

அந்தச் சாம்பலுக்கும், இன்று சத்தமே இல்லாமல் நம் தெருக்களில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டருக்கும் ஓர் உறவு உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? சாம்பலுக்கு வேண்டிய பொருளும், ஸ்கூட்டரின் மோட்டாருக்கு வேண்டிய பொருளும் ஒரே தாதுவுக்குள் கிடைக்கின்றன. மோனசைட் என்பது அதன் பெயர். அது ஏராளமாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று, நமது கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கரையை உலகம் மூன்று தடவை தேடி வந்திருக்கிறது. முதலில் விளக்குக்காக வந்தது. பிறகு அணுசக்திக்காக வந்தது. இப்போது காந்தத்துக்காக வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மணலின் மதிப்பு ஏறியது. அந்த மதிப்பு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை.

இரட்டையரைப் பிரித்தவர்

கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் என்பவர் ஆஸ்திரிய நாட்டு ரசாயன நிபுணர். அவர் காலத்தில் 'டிடிமியம்' என்று ஒரு மூலகம் இருப்பதாக விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். கிரேக்க மொழியில் அதற்கு 'இரட்டை' என்று பொருள். 1885-ம் ஆண்டில் வெல்ஸ்பாக் அதை மீண்டும் மீண்டும் கரைத்துப் படிய வைத்து, அது ஒரு மூலகமல்ல, இரண்டு என்று காட்டினார். ஒன்றுக்கு 'நியோடிமியம்' என்று பெயரிட்டார். புதிய இரட்டை என்று அர்த்தம். மற்றதற்குப் 'பிரேசியோடிமியம்', அதாவது பச்சை இரட்டை என்று பெயர் வைத்தார்.

அதே ஆண்டில்தான் அவர் காஸ் விளக்குக்கான மேண்டிலுக்கும் உரிமை பெற்றார். ஆரம்பத்தில் அதன் ஒளி பச்சை பாய்ந்து மங்கலாக இருந்தது. 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்ஸைடும், 1 பங்கு சீரியம் ஆக்ஸைடும் கலந்து பார்த்தார். ஒளி வெள்ளை வெளேரென்று வந்தது. ஐரோப்பிய நகரங்களின் வீதிகளெல்லாம் அந்த விளக்கால் பிரகாசித்தன.

மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்த பிறகு மீதியாகக் குவிந்த பொருள்களை என்ன செய்வதென்று ஆலைக்காரர்களுக்குத் தெரியவில்லை. அதற்கும் வெல்ஸ்பாக்கே வழி கண்டார். சீரியத்தையும் இரும்பையும் கலந்து, உரசினால் பொறி பறக்கும் ஓர் உலோகத்தை 1903-ல் உண்டாக்கினார். இன்றும் சிகரெட் லைட்டரில் உள்ள 'கல்' அதுதான். ஆனால் அவர் பிரித்தெடுத்த நியோடிமியம் மட்டும், கண்ணாடிக்கு ஊதா நிறம் ஏற்றுவது போன்ற சில்லறை வேலைகளோடு வெகுகாலம் ஒதுங்கிக் கிடந்தது. அதற்கு ஒரு காலம் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

கயிறு சொன்ன சேதி

மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அது அப்போது பெரும்பாலும் பிரேசில் நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தது. வர்த்தகமோ ஜெர்மானியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது.

1909-ம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைக் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. பளபளக்கும் அந்தத் துகள்களைச் சோதித்தபோது அதில் மோனசைட் இருப்பது தெரிந்தது. கயிறு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தைத் தேடிக்கொண்டு அவர் புறப்பட்டார். வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி.

அங்கே கடற்கரையில் சில இடங்களில் மணல் கறுப்பாகவே இருக்கும். ஊர் மக்கள் அதைக் கருமணல் என்பார்கள். மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் நொறுங்கி, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகின்றன. அலை அவற்றை மறுபடி கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. லேசான மணலை அலையே திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட, கனமான துகள்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைப் புடைத்துப் பிரிப்பது போல, கடல் யுக யுகமாக மணலைப் புடைத்துக்கொண்டிருக்கிறது! அப்படித் தங்கியதில் இல்மனைட், ரூடைல், சிர்க்கான், கார்னெட், சிலிமனைட் ஆகியவற்றோடு மோனசைட்டும் இருக்கிறது.

ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை அமைத்தார். 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டதும் அவருடைய யோகம் முடிந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மண்ணில் ஜெர்மானியருக்கு ஏது இடம்? அவர் கைதானார். தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்கு மாறியது. காலப்போக்கில் மின்சார விளக்கு பரவி மேண்டிலின் மவுசு குறைந்தபோது, மோனசைட்டின் மதிப்பும் இறங்கியது. வெள்ளை வர்ணம் தயாரிக்க உதவும் இல்மனைட்டே மணலின் முக்கிய சரக்காயிற்று.

கோதுமைக்கு மணல்

1945-ல் அணுகுண்டு வெடித்தது. உலகம் மறுபடியும் மோனசைட்டைத் திரும்பிப் பார்த்தது. தோரியம் தானாகப் பிளவுபட்டுச் சக்தி தருவதில்லை. ஆனால் அணு உலையில் வைத்தால் அது யுரேனியத்தின் ஒரு வகையாக மாறுகிறது. அந்த யுரேனியம் எரிபொருளாகிறது. இந்த ரகசியம் தெரிந்ததும் விளக்குச் சாம்பல் ராஜதந்திரப் பொருளாகிவிட்டது.

அப்போது மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் அந்தப் பகுதி அன்றைய சென்னை மாகாணத்துடன் இணைந்தது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தாரே, அப்போது அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் இந்த மணலும் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் அவர்மீது கொலை முயற்சி நடந்தது. சமஸ்தானம் இந்தியாவுடன் சேர்ந்தது, மணலும் சேர்ந்தது.

1951-ல் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் இந்தியா கோதுமை கேட்டது. கோதுமைக்கு ஈடாக மோனசைட் வாங்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸில் சிலர் வாதாடினார்கள். பசித்த வயிற்றோடு பேரம் பேச வேண்டிய வேளையிலும் நேரு அதற்கு இணங்கவில்லை. அணுசக்திக்குப் பயன்படும் பொருளை இந்தியா விட்டுக்கொடுக்காது என்று இருந்துவிட்டார்.

1950-ல் இந்திய அபூர்வ மண் நிறுவனம் ஏற்பட்டது. 1952 டிசம்பரில் கேரளத்து ஆலுவாயில் மோனசைட்டை உடைத்துப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். பின்னர் மணவாளக்குறிச்சி ஆலையும் அதே நிறுவனத்தின் வசம் வந்தது. தோரியத்திலிருந்து கிடைக்கும் எரிபொருளால் இயங்கும் 'காமினி' என்ற சிறிய ஆராய்ச்சி உலை, 1996 முதல் நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. அதன் சக்தி 30 கிலோவாட் தான். ஊர்களுக்கு வெளிச்சம் தரும் தோரியம் மின் நிலையம் இன்னும் வரவில்லை.

புதிய இரட்டையின் காலம்

வெல்ஸ்பாக் பிரித்து வைத்த நியோடிமியத்துக்கு யோகம் பிறக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிவிட்டது வேறொரு உலோகத்தின் பஞ்சம்.

அதுவரை பலமான காந்தம் செய்யக் கோபால்ட் வேண்டியிருந்தது. அன்று ஜயர் என்று பெயர் பெற்றிருந்த காங்கோ நாட்டிலிருந்துதான் அது பெருமளவு வந்துகொண்டிருந்தது. 1978-ல் அந்நாட்டின் சுரங்கப் பகுதியில் கலகம் மூண்டது. கோபால்ட் விலை எகிறிவிட்டது. கோபால்ட் இல்லாமலே காந்தம் செய்ய முடியாதா என்று பலரும் முயன்றார்கள். ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும், ஒருவரையொருவர் சாராமல், 1980-களின் தொடக்கத்தில் ஒரே விடையைக் கண்டார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம்தான் அது.

அதன் வல்லமை அபாரமானது. சிறு பொத்தான் அளவிலேயே விரலை நசுக்கும் பலம் அதற்கு உண்டு. பலமான காந்தம் என்றால் சிறிய மோட்டார். சிறிய மோட்டார் என்றால் லேசான யந்திரம். இன்று செல்போனில் குரல் கேட்பதும், அது சட்டைப் பைக்குள் அதிர்வதும் இத்தகைய காந்தத்தால்தான். பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாரில் இது ஒன்று அல்லது இரண்டு கிலோ இருக்கிறது. கடலில் நிறுத்தப்படும் பெரிய காற்றாலைகளில், பல்சக்கரமில்லாத வகைக்கு, ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். கரிப் புகையையும் பெட்ரோலையும் விட்டு விலக உலகம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு வேகமாக இந்தக் காந்தத்தின் தேவையும் ஏறுகிறது.

வேடிக்கையைப் பாருங்கள். விளக்குக் காலத்தில் தோரியம் செல்வம், மற்றவை கழிவு. இப்போது நியோடிமியம் செல்வம். கதிர்வீச்சுள்ள தோரியம், பத்திரமாக வைத்துக் காக்க வேண்டிய சுமை. ஒரு தலைமுறை ஒதுக்கியதை மறு தலைமுறை தேடி ஓடுகிறது!

பிரிப்பதுதான் வித்தை

நியோடிமியம் முதலிய பதினேழு மூலகங்களுக்கும் 'அபூர்வ மண்' என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் இவற்றில் பல அவ்வளவு அபூர்வமல்ல. அபூர்வமாக இருப்பது, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கும் திறமைதான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரர்கள் போல அவை குணத்தில் அவ்வளவு ஒத்திருக்கின்றன. இந்திய மோனசைட் நூறு கிலோவை எடுத்துக்கொண்டால் அதில் அபூர்வ மண் ஆக்ஸைடுகள் 55 கிலோவுக்குக் குறையாது. தோரியம் ஆக்ஸைடு எட்டிலிருந்து பத்துக் கிலோ வரை இருக்கும். நியோடிமியம் ஆக்ஸைடு மட்டும் தனியே வேண்டுமென்றால் சுமார் பத்துக் கிலோதான் தேறும். அந்தப் பத்துக் கிலோவுக்காகக் காரத்தில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, தொட்டி தொட்டியாக நூற்றுக்கணக்கான படிகளில் வடித்தெடுக்க வேண்டும்.

இந்த வித்தையில் சீனா முந்திக்கொண்டது. பீகிங் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சூ குவாங்சியன் 1970-களில் இந்தப் பிரிப்பு முறைக்கு ஒரு கணிதத்தையே வகுத்தார். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்காமல், எத்தனை தொட்டி, எவ்வளவு திரவம் என்று கணக்கிட்டே ஆலை கட்ட முடிந்தது. உள் மங்கோலியாவில் பயான் ஓபோ என்ற இரும்புச் சுரங்கத்திலேயே அபூர்வ மண்ணும் ஏராளமாகக் கிடைத்தது. விலை மலிந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகுக்கே அபூர்வ மண் வழங்கியது. 2002-ல் அது மூடப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய காந்தக் கம்பெனி 1995-ல் விற்கப்பட்டு, பிறகு அதன் உற்பத்தி சீனாவுக்கே போய்விட்டது. சீனர்களும் இதற்கு விலை கொடுக்காமலில்லை. பாவ்தோ நகரத்துக்கு அருகே ஆலைக் கழிவு ஒரு பெரிய ஏரியாகவே தேங்கி, சுற்றுப்புற விவசாயிகளுக்குத் துன்பமாயிற்று.

2010-ல் ஜப்பானோடு ஒரு படகுத் தகராறு வந்தபோது, சீனாவிலிருந்து ஜப்பானுக்கு அபூர்வ மண் போவது தடைப்பட்டது. உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. 2025 ஏப்ரல் 4-ந் தேதி, சீனா ஏழு வகை அபூர்வ மண்ணுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டுமென்று உத்தரவிட்டது. சில வாரங்களுக்குள் இந்திய மோட்டார் தொழிற்சாலைகள் கவலைப்படத் தொடங்கிவிட்டன. கோடிக்கணக்கில் முதல் போட்ட தொழிற்சாலை, கையளவு காந்தத்துக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

கரையில் இவ்வளவு மணலை வைத்துக்கொண்டு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? நாட்டின் மோனசைட் இருப்பு 1 கோடியே 30 லட்சம் டன் அளவில் இருப்பதாக அணுசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. உலகத்தில் அபூர்வ மண் இருப்பில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அமெரிக்கப் புவியியல் துறையின் மதிப்பீட்டின்படி, 2024-ல் சீனா எடுத்தது 2,70,000 டன். இந்தியா எடுத்தது 2,900 டன். நாம் ஒரு டன் எடுக்கும்போது அவர்கள் தொண்ணூறு டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள்.

எடுத்ததையும் காந்தமாக்கும் தொழில் இங்கே வளரவில்லை. காந்தம் சூட்டைத் தாங்குவதற்குச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் போன்றவை நமது மோனசைட்டில் எடுக்கத்தக்க அளவில் இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் வசதியை நாட்டில் உண்டாக்குவது அதன் நோக்கம். திட்டம் நல்லதுதான். ஆனால் காந்த ஆலைகள் பெருகினால் அவற்றுக்கு மணல் எங்கிருந்து வரும்? மறுபடியும் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

கரையில் இருப்பவர்கள்

மணவாளக்குறிச்சியை அடுத்துச் சின்னவிளை, பெரியவிளை என்று மீனவர் கிராமங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியாளருக்குக் கடற்கரை தாதுக் களஞ்சியமாகத் தெரிகிறது. மீனவர்களுக்கோ அதுதான் வாசல். வள்ளத்தை ஏற்றி வைப்பதும், வலையைக் காயப் போட்டுப் பொத்தலை அடைப்பதும், மீனை ஏலம் போடுவதும் அந்த மணலில்தான். கரையோரத்து மணல் தேரியில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்து, மணல் கலையாமல் பிடித்து வைக்கின்றன. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து குளச்சல், கொட்டில்பாடு பகுதிகளில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. மணல் மேடு என்பது வெறும் மணலல்ல, ஊருக்கு ஒரு மதில் என்று மீனவர்கள் சொல்வதற்கு அந்தக் காலைப் பொழுது காரணமாக இருக்கிறது.

கிள்ளியூர் வட்டத்துக் கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கத் திட்டம் வந்தபோது, 2024-ல் அங்கே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. தாதுவைப் பிரித்த பிறகு மீதி மணலைப் பழைய இடத்திலேயே கொட்டி நிரப்புவது ஆலைகளின் முறை. மணலில் மோனசைட் குறையக் குறையக் கதிர்வீச்சும் குறையும் என்பது அவர்கள் வாதம். கொட்டி வைத்த மணல், கடல் கட்டிய மேட்டைப் போல நிற்குமா என்பது கிராமத்தார் கேள்வி.

கதிர்வீச்சைப் பற்றிய பயமும் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீட்டுக்கு வீடு புற்றுநோய் என்ற பேச்சைக் கடற்கரைக் கிராமங்களில் சாதாரணமாகக் கேட்கலாம். இதே போன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரி பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இயற்கையாக உள்ள கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் அதிகமானதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அது கூறியது. ஆறுதலான முடிவுதான். ஆனால் அது மணல் தன் பாட்டில் கிடக்கும் கரையைப் பற்றிய ஆராய்ச்சி. தோண்டுவதும் குவிப்பதும் பிரிப்பதுமான இடத்தில் நீரும் காற்றும் எப்படி இருக்கின்றன என்பது தனியே அளந்து சொல்ல வேண்டிய சேதி. அந்தக் கணக்கைக் கிராமத்தாருக்குப் புரியும் பாஷையில், அவர்கள் முன்னிலையில் அளந்து காட்டினால் பாதிப் பயம் தீரும். மீதிப் பாதி உண்மையாக இருந்தால் அதுவும் வெளிப்படும்.

மணலே வேண்டாம் என்று நாடு இருந்துவிட முடியாது. புகையில்லாத வண்டியும் காற்றாலையும் நமக்கு அவசியம். பழைய செல்போன்களிலும் கழித்துப் போட்ட மோட்டார்களிலும் கிடக்கும் காந்தத்தை மீட்டெடுப்பது ஒரு வழி. மணலையும் கலவை உப்பையும் விற்றுக் காந்தத்தை விலைக்கு வாங்கும் வழக்கத்தை விட்டு, கடைசிப் பொருள் வரை இங்கேயே செய்வது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் குறைந்த மணலிலேயே நிறைந்த பலன் கிடைக்கும். அந்தப் பலனில் கரைக்கு உரியது கரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது.

1909-ல் அந்த மணல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போயிற்று. நார் உரித்தவர்களுக்கும், கயிறு திரித்தவர்களுக்கும் அது தெரியாது. யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை. இன்று அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். இந்தத் தடவையாவது அவர்களைக் கேட்டுவிட்டு மணலை அள்ளுவதுதான் நியாயம்.